லாக்புக்கில் பச்சை டிக்

2024ஆம் ஆண்டு ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கடல்காற்று இன்னும் உள்ளே வரவில்லை. கூடத்துச் சுவரில் நான் மாட்டியிருக்கும் வெப்பமானி முப்பத்தைந்தைக் காட்டியது. தேதியும் நேரமும் இத்தனை திருத்தமாக நினைவிருக்கக் காரணம், பிற்பாடு அவற்றை முத்திரைத்தாளில் டைப் அடித்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டி வந்ததுதான். வெப்பநிலையைச் சேர்க்க அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று இரண்டு இருபதுக்குத்தான் என் மகளின் லாக்புக்கில் முதல் டிக்கைப் போட்டேன்.

லாக்புக் என்பது விமானி தன் ஒவ்வொரு பறப்பையும் எழுதிவைக்கும் அகலமான கறுப்பு நோட்டு. தேதி, விமானத்தின் எண், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி, எத்தனை நிமிடம், கூடப் பயிற்சியாளர் இருந்தாரா தனியாகவா என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை, அதன் கீழே பறக்கும் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் கையெழுத்து. இருநூறு மணி நேரம் பறந்தால்தான் உரிமம். என் மகள் இருநூற்று மூன்று மணி இருபத்தைந்து நிமிடம் பறந்திருக்கிறாள். பதினெட்டுப் பக்கம், இருநூற்றுப் பதினான்கு பதிவுகள்.

அவள் எனக்கு நாற்பத்தைந்து வயதில் பிறந்தவள், ஒரே மகள். எனக்கு இப்போது எழுபத்து நான்கு, அவளுக்கு இருபத்தொன்பது. 2021 செப்டம்பரில் உரிமம் வாங்கினாள். அன்றிலிருந்து வேலைக்கு அலைகிறாள். பதினோரு விண்ணப்பம் போட்டதில் பதில் வந்தது இரண்டுக்கு. இடையில் அடையாற்றில் ஒரு பயிற்சி மையத்தில், விமானி ஆகப்போகிறவர்களுக்கு வானிலையும் திசையறிதலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் படித்தவர்களில் நான்கு பேர் அவளுக்கு முன்னால் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். அதையும் நான்தான் எண்ணினேன். வீட்டில் சொல்லவில்லை.

விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கிற முறை எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. 1973இல் நான் தணிக்கை அலுவலக வேலைக்கு எழுதியது ஒரே பரீட்சை. முடிவைச் சுவரில் ஒட்டினார்கள். நான் அறுபத்திரண்டாவது. அறுபத்தொன்றாவது ஆளையும் தெரியும், அறுபத்து மூன்றாவது ஆளையும் தெரியும். இவர்களிடம் சுவரும் இல்லை, பட்டியலும் இல்லை. முதலில் கணினியில் படிவம், அதில் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலிலும் கணக்கிலும் வாங்கிய மதிப்பெண் வேண்டும். பெண் வானத்தில் இருநூறு மணி நேரம் பறந்த பிறகு, பதினேழு வயதில் ஒளிவிலகல் பாடத்தில் என்ன வாங்கினாள் என்று கேட்கிறார்கள்.

அது முடிந்தால் கணினித் தேர்வு. திரையில் ஒரு புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும், அதை இடது கையில் இருக்கும் கோலால் வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அதே சமயம் காதில் எண்கள் சொல்லிக்கொண்டே போவார்கள், ஒற்றைப்படை வந்தால் வலது கையால் பொத்தான். நடுநடுவே மூலையில் ஒரு பெருக்கல் கணக்கு தோன்றி மறையும். இதற்காக மூன்று மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியும் அந்தக் கோலும் இருந்தன. நானும் என் மனைவியும், இரண்டு கிழங்களும், தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். ஒருநாள் அவள் இல்லாதபோது நான் உட்கார்ந்து பார்த்தேன். பெருக்கல் பன்னிரண்டும் சரி. புள்ளி மட்டும் முதல் நான்கு வினாடியிலேயே வட்டத்தை விட்டுப் போனது, திரும்பவே இல்லை. நூற்றுக்குப் பதினொன்று என்று காட்டியது. பெருக்கலுக்குத் தனி மதிப்பெண் ஏன் இல்லை என்று அன்று முழுவதும் எனக்கு ஆறவில்லை.

இந்தத் தடவை அழைத்த நிறுவனம் தென்னிந்தியாவில் இருப்பவர்களுக்காகத் தியாகராய நகரில் ஒரு ஹோட்டலின் கூடத்தை எடுத்திருந்தது. கணினித் தேர்வுக்கு நூற்றறுபது நாற்காலி போட்டிருந்ததாக மகள் சொன்னாள். அதில் தேறியவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். அவர்களை எட்டெட்டாகப் பிரித்து மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்களாம். ஊரில் வெள்ளம், ஒரே படகு, மாடியில் பன்னிரண்டு பேர், யாரை முதலில் ஏற்றுவது என்று இருபது நிமிடத்தில் எட்டுப் பேரும் கூடி முடிவு செய்ய வேண்டும்.

"சரியான விடை எது?" என்று கேட்டேன்.

"விடை கிடையாதுப்பா. எப்படிப் பேசறோம்னு பார்ப்பா."

"ஜாஸ்தி பேசறவாளுக்கா மார்க்?"

"ஜாஸ்தி பேசினா கட்."

"அப்ப பேசாம இருந்தா?"

"அதுவும் கட்."

சமையலறையிலிருந்து என் மனைவி, "நீங்க போயிருந்தா, படகு என்ன நீளம், எத்தனை அடி அகலம்னு கேட்டுண்டு நின்னுருப்பேள். அதுக்குள்ள அவா பன்னண்டு பேரும் முழுகிப் போயிருப்பா" என்றாள்.

படகின் அளவு தெரியாமல் யாரை ஏற்றுவது என்று எப்படி முடிவு செய்வது? நான் கேட்டதில் என்ன தப்பு?

அதிலும் அவள் தேறினாள். பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள். ஜூன் 19, புதன்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பும் நேர்காணலும். அதற்குப் பிறகு, தரையிலேயே நின்று பறக்கும் அந்தப் பெட்டியில், சிமுலேட்டரில், ஒரு சோதனை. இந்த நிறுவனத்தில் எந்தக் கட்டத்தில் தள்ளினாலும் ஓராண்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கக் கூடாது. வயது வரம்பு முப்பது. அவளுக்கு மார்ச்சில் முப்பது முடிகிறது. கணக்குப் போட எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. இது போனால் இந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும். மற்ற கதவுகள் மூன்று ஆண்டாகத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் சான்றிதழ்களை எல்லாம் மேஜைமேல் அடுக்கிவிட்டு, சிநேகிதி வீட்டுக்கு அடையாற்றுக்குப் போயிருந்தாள். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். லாக்புக் மேலாக இருந்தது. சரிபார்ப்பில் ஒரு கூட்டல் தப்பு கண்டுபிடித்தார்கள் என்றால் என்ன ஆகும் என்று எனக்கு உதைத்தது. முப்பத்தேழு ஆண்டு மற்றவர்கள் கூட்டியதைக் கூட்டிப் பார்த்தவன் நான். நோட்டை எடுத்தேன்.

மணியும் நிமிடமும் கூட்டுவது ரூபாய் கூட்டுவது போல் இல்லை. அறுபதுக்கு ஒன்று ஏற்ற வேண்டும், நூறுக்கு அல்ல. ஆளுக்கு ஆள் அங்கேதான் வழுக்குவார்கள். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கம் சரி. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோன மொத்தமும் சரி. பயிற்சியாளரோடு பறந்தது, தனியாகப் பறந்தது, இரவு, பகல் எல்லாம் குறுக்கும் நெடுக்கும் கூட்டினேன். ஐந்தே முக்கால் மணிக்குப் பதினெட்டாம் பக்கத்தை முடித்தபோது ஒரு தப்புகூட இல்லை. என் சர்வீஸில் ஒரு தப்பும் இல்லாத பதிவேட்டை நான் பார்த்ததே கிடையாது. ஒரு நிமிடம்கூட உதைக்கவில்லை.

பார்த்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டிக் போட்டிருந்தேன். எங்கள் பிரிவின் வழக்கப்படி பச்சை மை. பக்கத்துக் கூட்டல் சரியாக இருந்தால் அதன் கீழே என் சுருக்கொப்பம். பதினெட்டுப் பக்கத்திலும் போட்டேன், தலைமைப் பயிற்சியாளரின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, நேர்த்தியாக. யோசித்துச் செய்தது அல்ல. செய்தித்தாளையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். மருந்துக்கடை ரசீது, கல்யாணப் பத்திரிகை, எது கைக்கு வந்தாலும் டிக் விழும். பேனா எப்போது கையில் ஏறியது என்றே தெரியாது.

அவள் ஆறரைக்கு வந்து எல்லாவற்றையும் அப்படியே கோப்புக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். திறந்து பார்க்கவில்லை.  நேர்காணல் முடிந்து வந்ததும், ஒரு தப்புகூட இல்லை என்று சொல்லி அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன்.

புதன்கிழமை நான் வரவே கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். பத்து மணிக்குப் பேருந்து ஏறிப் பாண்டி பஜார் போய், நடைபாதையில் போட்டிருக்கும் பெஞ்சில் ஹோட்டல் வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். மூன்று மணி ஐந்து நிமிடம் அங்கேயே இருந்தேன். எதிரே துணிக்கடைக்குள் போனவர்களை எண்ண ஆரம்பித்து, நானூற்றுப் பத்தில் விட்டுவிட்டேன். ஒன்று இருபத்தைந்துக்கு அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நீ ஏன் வந்தே?"

"ஆச்சா?"

பெஞ்சில் கோப்பை வைத்து, லாக்புக்கை எடுத்துத் திறந்து என் மடியில் வைத்தாள்.

"அப்பா, இது என்ன?"

"டிக்."

"எதுக்கு?"

"எல்லாம் சரியா இருந்தது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் காதுவளையம் விற்றுக்கொண்டிருந்த பெண், "இன்னா பெரியவரே, பொண்ணு அழுவுது, நீ புக்கு பாத்துக்கினு கீற?" என்றாள். நான் புத்தகத்தை மூடினேன்.

நடந்தது இதுதான். சரிபார்த்த மூன்று பேரில் நடுவே இருந்தவர் மூத்த விமானி. பக்கத்தைப் புரட்டியவர் நிறுத்தி, இந்தப் பச்சைச் சுருக்கொப்பம் எந்த ஆய்வாளருடையது என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "என் அப்பாவுடையது" என்றாளாம். அப்பா பயிற்சி விமானியா? இல்லை, ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. பக்கத்தில் இருந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. லாக்புக்கில் விமானியும் சான்றளிக்கிறவரும் தவிர வேறு கை படக் கூடாது. பட்டால் எந்தப் பதிவையும் நம்ப முடியாது. இருநூற்று மூன்று மணி இருபத்தைந்து நிமிடமும் சந்தேகத்தில் நின்றுவிட்டது. நான் சரி என்று போட்டதால்.

ஜூன் 29 நண்பகலுக்குள் இரண்டு காகிதம் கொடுக்கச் சொன்னார்கள். தலைமைப் பயிற்சியாளர் பதினெட்டுப் பக்கத்தையும் மறுபடி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். டிக் போட்ட ஆள், எந்தப் பதிவையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் தள்ளுபடி. அதுவரை நேர்காணலும் கிடையாது.

அடுத்த ஒன்பது நாளில் அவள் என்னிடம் பேசியது இருபத்திரண்டு சொற்கள். அதில் ஏழு 'ம்'.

பயிற்சியாளர் பழைய பள்ளியை விட்டு வடக்கே வேறொரு பள்ளிக்குப் போயிருந்தார். சென்னையிலிருந்து இரண்டு விமானம், பிறகு நான்கு மணி நேரப் பேருந்து. நானும் வருகிறேன், நானே அவரிடம் விளக்குகிறேன் என்றேன். "வேண்டாம்" என்றாள். அந்த இருபத்திரண்டில் அது ஒன்று. எந்த நிறுவனம் அவளை நிறுத்திவைத்திருந்ததோ அதன் விமானத்திலேயே சீட்டு வாங்கி, பின்வரிசையில் பயணியாக உட்கார்ந்து போனாள்.

போவதற்கு முன்னால் பக்கங்களின் நகலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். சத்தியப் பத்திரத்துக்காக மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஒரு டைப்பிங் கடைக்குப் போனேன். உள்ளே தடுப்புக்குப் பின்னால் நோட்டரி அம்மாள். டைப் அடிப்பவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

"இன்னா சார் சொல்றீங்க, டிக்கு போட்டதுக்கா அபிடவிட்டு?"

"ஆமாம். எழுதுங்கள். இருநூற்றுப் பதினான்கு டிக்."

"இருநூத்திச் சொச்சம்னு போட்டுக்கவா?"

"சொச்சம் எல்லாம் கூடாது. இருநூற்றுப் பதினான்கு."

"கொலை பண்ணவன்கூட இவ்ளோ வெளக்கமா குடுக்க மாட்டான் சார்" என்று சொல்லிக்கொண்டே அடித்தார்.

நோட்டரி அம்மாள் வாசித்தார். "சார், சத்தியம் பண்றீங்க. எண்ணித்தானே சொல்றீங்க?"

"பதிவு இருநூற்றுப் பதினான்கு. பதிவுக்கு ஒரு டிக்."

"டிக்கை எண்ணினீங்களா?"

எண்ணவில்லை. பதிவுகளைத்தான் எண்ணியிருந்தேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து நகல்களை விரித்து எண்ணினேன். இருநூற்றுப் பதினைந்து. மறுபடி எண்ணினேன். இருநூற்றுப் பதினைந்து. நான்காம் பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் இரண்டு டிக் இருந்தது. அவள் முதல் தடவையாகப் பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பறந்த நாள். பதினைந்து நிமிடம். அந்த இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்துபோய் வந்திருப்பேன், விட்ட இடம் மறந்திருக்கும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

"கிழிச்சுட்டு வேற அடிக்கணும் சார்" என்றார் டைப் அடிப்பவர். "இன்னொரு தபா எண்ணிக்கினு சொல்லுங்க. பத்தரம் வேஸ்ட்டாவுது."

முத்திரைத்தாள் புதிதாக வாங்கி, நேரம், மை நிறம், டிக் இருநூற்றுப் பதினைந்து, சுருக்கொப்பம் பதினெட்டு என்று மறுபடி அடித்தார். 'பதிவுகள் எதையும் நான் திருத்தவோ சேர்க்கவோ அழிக்கவோ இல்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் கூட்டல் தப்புக்காக ஒரு தாளைக் கிழித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நோட்டரி அம்மாள் முத்திரை குத்தும்போது, "பொண்ணுக்கு வேலை கிடைக்கட்டும் மாமா" என்றார். கிடைத்தால் எதற்காகக் கிடைத்தது என்றும் கிடைக்காவிட்டால் எதற்காக என்றும் சொல்ல மாட்டார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை என்றேன். அடுத்த ஆள் காத்திருந்தார்.

அவள் ஜூன் 25 இரவு திரும்பினாள். மனைவியிடம் சொன்னதைக் கூடத்திலிருந்து கேட்டேன். பயிற்சியாளர் பக்கம் பக்கமாகக் கையெழுத்திட்டுவிட்டு, எங்கள் பள்ளிக் கணக்கு மூன்று ஆண்டாக உதைக்கிறது, உன் அப்பாவை அனுப்பி வை என்றாராம். அம்மாவும் பெண்ணும் சிரித்தார்கள். நான் போகத் தயாராகத்தான் இருந்தேன்.

27ஆம் தேதி காகிதங்களைக் கொடுத்தாள். ஜூலை 10 நேர்காணலுக்கு அழைத்தார்கள். இந்தத் தடவை நான் எங்கள் மயிலாப்பூரை விட்டு நகரவில்லை. கோயில் குளத்தைச் சுற்றி ஆறு சுற்று நடந்து வீட்டுக்கு வந்தேன். அவள் வந்து நேராகக் குளிக்கப் போனாள். மனைவிதான் சொன்னாள்.

"அந்த டிக்கைப் பத்தித்தான் கேட்டாராம். அந்தப் பெரிய விமானி."

"சரிபார்த்தாச்சே, இன்னும் என்ன?"

"அது இல்லை, இது வேற கேள்வி. 'உங்க பக்கத்து சீட்டுல வயசான கேப்டன் ஒருத்தர். ரொம்ப அனுபவம், நல்ல மனசு. உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சுண்டு தப்பா ஒண்ணு பண்றார். நீங்க என்ன பண்ணுவேள்?'னு கேட்டாராம்."

"இவ என்ன சொன்னா?"

"எங்கிட்டயும் சொல்லலை."

குளித்துவிட்டு வந்ததும் கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "சொன்னேன்" என்றாள்.

"என்ன சொன்னே?"

"அதை உங்கிட்ட சொல்ல முடியாதுப்பா."

"சரியான விடைதானா?"

"விடை கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

இரண்டு தடவை. 

அந்த மாதக் கடைசியில் சிமுலேட்டர் சோதனை. ஆகஸ்ட் 14, புதன்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்கு மின்னஞ்சல் வந்தது. நான்கு வரி. எடுத்துக்கொண்டார்களாம், பயிற்சிக்கு எப்போது என்று பிறகு சொல்வார்களாம். மனைவி உள்ளே போய்ப் பால் வைத்தாள், பாயசத்துக்கு. நான் அந்த நான்கு வரியை ஆறு தடவை படித்தேன். பத்தொன்பது பேரில் எத்தனை பேரை எடுத்தார்கள் என்று இல்லை. எத்தனையாவது என்று இல்லை. மதிப்பெண் இல்லை. புள்ளியை வட்டத்துக்குள் நிறுத்தியதற்கா, படகில் ஆளேற்றியதற்கா, என்னைப் பற்றிச் சொன்ன அந்தப் பதிலுக்கா?

"எழுதிக் கேட்டா சொல்லுவாளா?" என்றேன்.

"அப்பா, நீ யாருக்கும் எதுவும் எழுதாதே. ப்ளீஸ். பேனாவைக் கீழ வை."

அப்போதுதான் பார்த்தேன், பேனா கையில் இருந்தது.

மறுநாளே அவள் மூன்று இலக்கப் பூட்டு வைத்த ஒரு பெட்டி வாங்கி, லாக்புக்கை அதற்குள் வைத்துத் தன் அலமாரி மேல் ஏற்றினாள். மூன்று இலக்கம் என்றால் ஆயிரம் சேர்க்கை. நான் ஒன்றைக்கூட முயலவில்லை, ஆனால் அவள் பிறந்த தேதி இல்லை என்று மனைவி சொல்கிறாள். அதன் ரசீதோடு, அந்த டிக்குகளால் ஆன எல்லாச் செலவின் பட்டியலையும் மகள் சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். விமானச் சீட்டு, பேருந்து, விடுதி, கிழித்த தாள், கிழிக்காத தாள், நோட்டரி, கடைசியாகப் பெட்டி. குறுக்கும் நெடுக்கும் கூட்டிப் பார்த்தேன், இரண்டு வழியிலும் ஒன்றுதான் வந்தது: முப்பத்திரண்டாயிரத்து நூற்று ஐந்து ரூபாய்.